வீரமுத்து முடுக்கிய பத்து போல்ட்டுகள்

எஞ்சின் செத்துப்போனால் காரணம் சொல்ல ஊரே திரண்டு வரும். கழற்றிப் பார்க்க மட்டும் நான் ஒருவன்தான். ஜோகூர் பாருவை அடுத்த உலு திராமில் பத்தொன்பது வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். "எனக்குத் தெரியாது" என்று சொன்ன வாடிக்கையாளர் ஒருவரைக்கூட இதுவரை பார்த்ததில்லை. எல்லாருக்கும் எல்லாம் தெரியும். அப்புறம் எதற்கு என்னிடம் வந்து என் உயிரை வாங்குகிறார்கள் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

அந்த வியாதி எனக்கும் உண்டு. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

ஒரு சனிக்கிழமை காலை, இழுவை லோரி ஒன்று சந்தனசாமி சாரின் வெள்ளைக் காரைச் சுமந்துகொண்டு வாசலில் வந்து நின்றது. ஆயர் ஈத்தாமில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் நின்றுபோயிருக்கிறது. ஓட்டிப் போனவர் அவருடைய மனைவி கெர்ட்ரூட் டீச்சர், தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குளுவாங்கில் அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருக்கும் தங்கையைப் பார்க்கக் கிளம்பியிருக்கிறார். தங்கை வீட்டுக்காரர் வந்து டீச்சரை அழைத்துக்கொண்டு போய்விட, கார் மட்டும் என்னிடம் திரும்பி வந்தது. திரும்பி என்று சொல்லக் காரணம் இருக்கிறது. மூன்று வாரத்துக்கு முன்புதான் அதே எஞ்சினின் மேல்பாகத்தைக் கழற்றி, புதுக் கேஸ்கட் போட்டு, ஜம்மென்று அனுப்பி வைத்திருந்தோம்.

சாவியைத் திருப்பினேன். 'டக்' என்றது. அவ்வளவுதான், எஞ்சின் இறுகிவிட்டது. எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவினேன். கறுப்பாக இருக்க வேண்டிய எண்ணெய், ஆற்றிய பால் டீ, அதுதான் தே தாரேக், அந்த நிறத்தில் நுரைத்துக்கொண்டு வழிந்தது. தண்ணீர் கலந்தால்தான் எண்ணெய் அப்படி ஆகும். எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீரையும் உள்ளே ஓடும் எண்ணெயையும் பிரித்து வைப்பது கேஸ்கட். அது சரியாக உட்காராவிட்டால் இரண்டும் கலந்துவிடும். கேஸ்கட்டைப் போட்டது யார்? வீரமுத்து அண்ணன்.

முடிந்தது விசாரணை. அரை நிமிடம்கூட ஆகவில்லை.

வீரமுத்து அண்ணனுக்கு ஐம்பத்தாறு வயது. என்னைவிட ஏழு வயது மூத்தவர். பட்டறை திறந்த நாளிலிருந்து என்னோடு இருக்கிறார். பெயர்ப்பலகையில் என் பெயர் இருந்தாலும் எஞ்சினைப் பிரித்து மாட்டும் போமென், அதாவது மெக்கானிக், அவர்தான். வருகிறவர்கள் என்னிடம் பேசிவிட்டு அவரைத்தான் தேடுவார்கள்.

"யோவ்!" என்று கத்தினேன். அதுவரை அவரை அண்ணே என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "கண்ணு தெரியலன்னா வீட்டுல உக்கார வேண்டியதுதானே? ஒரு போல்ட்ட ஒழுங்கா முடுக்கத் தெரியல, ஒனக்கெல்லாம் எதுக்குய்யா போமென் வேல?"

லோரிக்காரர் கயிற்றைச் சுருட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பக்கத்து டயர்க் கடை ரஷீத் எட்டிப் பார்த்தார். நாசி லெமாக் சோறு கொண்டுவந்த கருப்பாயி அக்கா பொட்டலத்தோடு அப்படியே நின்றுவிட்டார். மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் மாற்ற வந்திருந்த இரண்டு பேர் இருந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் சந்தனசாமி சார், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"தம்பி, வரிசப்படி மூணு தடவ முடுக்குனேன்," என்றார் வீரமுத்து அண்ணன். "தெறந்து பாருங்க."

"தெறந்து பாக்க என்னா இருக்கு? கண்ணுக்கு முன்னாடி வழியுதுல்ல!"

அவர் அந்தக் கம்பியைப் பார்த்தார். பிறகு தன் இரண்டு கைகளையும் பார்த்தார். "அப்படின்னா எங்கயோ விட்டிருக்கேன்," என்று மெதுவாகச் சொன்னார். குழாயடிக்குப் போய், சவர்க்காரத் தூள் போட்டு முழங்கை வரைக்கும் கழுவினார். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஸ்பானர் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

போகட்டும், திங்கட்கிழமை வந்துவிடுவார் என்று நினைத்தேன். வரவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊர் முழுக்கச் செய்தி போய்விட்டது. சந்தனசாமி சார் எங்கள் தாமான் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒன்று, கோயில் குழுவில் ஒன்று போட்டிருந்தார்: 'எஞ்சின் வேலைக்கு வீரமுத்துவை நம்ப வேண்டாம். என் அனுபவம்.' வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்தால் கேட்க வேண்டுமா? எழுபத்து மூன்று பேர் பதில் போட்டிருந்தார்கள். அதில் பாதிப் பேருக்குக் காரே கிடையாது.

திங்கட்கிழமை நானே எஞ்சினைத் திறக்க உட்கார்ந்தேன். அவர் தப்பு செய்தார் என்பதைக் கையில் எடுத்துக் காட்ட வேண்டும், அதற்குத்தான். முதலில் அடியில் இருக்கும் திருகைக் கழற்றி எண்ணெயை வடித்தேன். முதலில் கொட்டியது தண்ணீர். தெளிந்த தண்ணீர், குடிக்கலாம் போல இருந்தது. அதற்குப் பின்னால்தான் அந்தத் தே தாரேக் வந்தது.

எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் ரேடியேட்டரில் ஊற்றியது பச்சை நிறக் கூலண்ட். கேஸ்கட் வழியாகக் கசிந்திருந்தால் பச்சையாக அல்லவா வந்திருக்க வேண்டும்? ஓடிப் போய் ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். விளிம்பு வரைக்கும் பச்சை. ஒரு சொட்டுக் குறையவில்லை.

ஒரு மூடியைத் திறக்கப் பத்து விநாடி ஆகும். சனிக்கிழமையே திறந்திருக்கலாம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்?

இருந்தாலும் விடவில்லை. மேல்மூடியை எடுத்தேன். பத்து போல்ட்டுகள். ஒவ்வொன்றையும் முடுக்கி முடித்ததும் அதன் தலையில் வெள்ளைப் பெயிண்டில் ஒரு புள்ளி வைப்பது வீரமுத்து அண்ணன் பழக்கம். ஒன்றை மறந்து விட்டுவிடக் கூடாதே என்பதற்காக. பத்துப் புள்ளியும் இருந்தன. இறுக்கத்தை அளந்தேன். பத்தும் சரி. கேஸ்கட்டை உரித்தெடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். கசிவுக் கோடு ஒன்றுகூட இல்லை. வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது.

அப்போதே போயிருக்க வேண்டும். அவர் வீடு பத்து நிமிட ஓட்டம்தான். போகவில்லை. உண்மையான காரணம் கிடைக்கட்டும், கையோடு கொண்டுபோகலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய். உங்கள் மேல் தப்பில்லை என்று சொன்னால், அடுத்த வார்த்தை என் மேல்தான் தப்பு என்றல்லவா வர வேண்டும்? அது எனக்குத் தொண்டையைத் தாண்டவில்லை.

அதனால் காரணம் தேடினேன். தேடினேன் தேடினேன், கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி தேடினேன். எஞ்சின் கட்டையில் விரிசல் இருக்குமோ என்று ஜோகூர் பாருவில் ஒரு லேத் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். இரண்டு நாள் வைத்திருந்து, அழுத்தம் கொடுத்துப் பார்த்து, "தடா அபா-அபா, போஸ்," ஒன்றுமே இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நாங்கள் ஊற்றிய எண்ணெய் டின்னிலேயே தண்ணீர் இருந்ததோ என்று மிச்சத்தைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி வைத்துப் பார்த்தேன். நல்ல எண்ணெய். பேரிங் எல்லாம் தண்ணீர் பட்டுத் தேய்ந்து, கடித்த கரும்பு மாதிரி கிடந்தது. தண்ணீர் போயிருக்கிறது. எங்கேயிருந்து போனது? மண்டை காய்ந்துவிட்டது.

இதற்கு நடுவில் சந்தனசாமி சாரின் தொல்லை. ஒரு நாளைக்கு ஐந்து போன். யூடியூபில் யாரோ ஒருவன் பேசியதைக் கேட்டுவிட்டு எனக்குப் பாடம் எடுப்பார்.

"வெள்ளத்துல கிள்ளத்துல ஓட்டுனாங்களா சார்?" என்று நான் கேட்டேன்.

"என் பொண்டாட்டியா? மழ தூறுனாலே காடிய ஓரங்கட்டிருவா."

"யாராச்சும் இன்ஜின தண்ணியடிச்சுக் கழுவுனாங்களா?"

"அதெல்லாம் இல்ல லா. நீ ஒன் போமென் செஞ்சத மூடி மறைக்கப் பாக்காத, சுகுமாறன்."

போனைத் தூக்கி எறியாமல் இருந்தது அந்தப் போனின் அதிர்ஷ்டம். அவர் அப்படிச் சொன்னபோதுகூட, 'வீரமுத்து அண்ணன் மேல் தப்பில்லை' என்று நான் வாயைத் திறக்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

வியாழக்கிழமை வீரமுத்து அண்ணனின் மனைவி தனலெட்சுமி அண்ணி கூப்பிட்டார்.

"தம்பி, அண்ணன் ஜாகா வேலைக்குப் போறாரு. பிளாஸ்டிக் கம்பெனியில, மத்தியானம் மூணு மணி ஷிப்ட்டு. கேட்டுக்கு முன்னாடி உக்காந்திருக்கிற வேல."

"ஏன் அண்ணி, நம்ம பட்டறை இருக்கே?"

"இனிமே ஸ்பானர தொட மாட்டேங்கிறாரு. கண்ணு டாக்டர்கிட்ட போயி காட்டிட்டு வந்தாரு. கண்ணு நல்லாதான் இருக்காம். அப்படின்னா கைதான் போயிருச்சுங்கிறாரு. ராத்திரியெல்லாம் ஒக்காந்து, எந்த போல்ட்ட விட்டேன், எந்த போல்ட்ட விட்டேன்னு விரல மடக்கிக்கிட்டே இருக்காரு. அவரு மேலதான் தப்பா தம்பி? நீங்க தெறந்து பாத்தீங்களாமே."

பத்துப் புள்ளிகளும் என் கண் முன்னால் நின்றன.

"இன்னும் பாத்துக்கிட்டு இருக்கேன் அண்ணி," என்றேன்.

இப்படி ஒரு பதிலைச் சொன்ன வாயை என்ன செய்தால் தகும்?

அடுத்த திங்கட்கிழமை மதியம் கெர்ட்ரூட் டீச்சர் பட்டறைக்கு வந்தார். குளுவாங்கிலிருந்து அன்று காலையில்தான் திரும்பியிருக்கிறார். காரில் இருந்த குடையையும் கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலையையும் எடுத்துப் போக வந்தவர், மேசை முழுக்கப் பரப்பிக் கிடந்த எஞ்சினைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"அலமாக்! என் காடிய இப்படிப் பிரிச்சுப் போட்டுட்டீங்களே சுகுமாறன்."

"பிரிச்சும் ஒரு மண்ணும் தெரியல டீச்சர். ஒம்பது நாளாச்சு. எனக்குப் பைத்தியம் பிடிக்காததுதான் பாக்கி."

"எனக்கும்தான் மனசே ஆறல. ரிப்பேருக்கு அப்புறம் முதல் தடவையா தூரமாப் போகுதே, பத்திரமாப் போகணும்னு அன்னம்மாளையே கூட வெச்சு அனுப்புனேன். அப்படியும் நின்னுருச்சே."

"கூட வெச்சா?"

"வடக்க புனித அன்னம்மாள் கோயில் திருவிழாவுக்குப் போயிட்டு வந்தோம்ல. அங்க ஊத்துல பிடிச்ச தண்ணி. வருஷா வருஷம் கொண்டாருவோம். காய்ச்சல், தலவலின்னா ஒரு வாய் குடிப்போம். வீட்டச் சுத்தித் தெளிப்போம்."

தண்ணீர் என்றதும் நிமிர்ந்து பார்த்தேன், ஆனால் அது தெளிக்கிற தண்ணீர். தெளித்தால் ஒன்றும் ஆகாது. "காடி மேலயும் தெளிச்சீங்களாக்கும்?"

"மேல தெளிச்சு என்னா பிரயோசனம்? சீக்கு உள்ளதானே. உள்ள ஊத்துனேன்."

கையில் இருந்த துணி கீழே விழுந்தது. "உள்ளன்னா... எங்க டீச்சர்?"

அவர் கொஞ்சமும் தயங்கவில்லை. நேராக மேசைக்கு வந்தார். எஞ்சின் மேல்மூடியில் எண்ணெய் ஊற்றுகிற அந்த வட்ட வாய் இருக்கிறதே, அதன் மேல் விரலை வைத்தார். "இங்க."

"எவ்வளவு?"

"ஒரு பாட்டில். ஒன்றர லிட்டர் பாட்டில். சாமி காரியத்துல கஞ்சத்தனம் பண்ணக் கூடாதுல்ல. காலையில ஒரு ஜெபம் சொல்லி ஊத்திட்டு, அப்படியே குளுவாங்குக்குக் கெளம்பிட்டேன்."

நான் பக்கத்தில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன். ஒன்பது நாள்! லேத் பட்டறை, லோரி வாடகை, தூக்கமில்லாத கண், சந்தனசாமி சாரின் நாற்பது போன். எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு பாட்டில் தண்ணீர்.

"யாரு டீச்சர் அங்க ஊத்தச் சொன்னா?" கத்தியே விட்டேன்.

"நீங்கதான்," என்றார். "காடி எடுக்க வந்த அன்னிக்கு இந்த வாயிலதான் என்னமோ ஊத்துனீங்க. 'காடிக்கு உசிரே இங்கதான் இருக்கு டீச்சர்'னு என்கிட்ட சொன்னீங்க. வீரமுத்து டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வெச்சாரு, கற்பூரம் காட்டுனாரு. நான் ஒன்னும் சொல்லல, அது உங்க வழி. எங்க வழியிலயும் ஒன்னு செய்யணும்னு தோணுச்சு. உசிரு எங்க இருக்குன்னு நீங்க சொன்னீங்களோ, அங்க ஊத்துனேன்."

"இத ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

"யாரு கேட்டா? எல்லாத்தையும் என் வீட்டுக்காரருகிட்டயே கேட்டிருக்கீங்க. ஓட்டுனது நான்."

தண்ணீர் எண்ணெயில் கலந்தால் என்ன ஆகும் என்பதை மட்டும் சொன்னேன். டீச்சர் முழுக்கக் கேட்டார். ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டார்.

"வீரமுத்து வேலைய விட்டுப் போயிட்டாருன்னு சொன்னாங்களே. அது என்னாலயா?"

"கெளம்புங்க டீச்சர், நேர்ல பாத்துப் பேசிக்கலாம்," என்றேன்.

தனலெட்சுமி அண்ணிதான் கதவைத் திறந்தார். வீரமுத்து அண்ணன் கூடத்தில் நீலச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். தோளில் கம்பெனிப் பட்டை. பத்தொன்பது வருடமாக எண்ணெய்க் கறையோடு பார்த்த மனிதர், சலவைச் சட்டையில் யாரோ மாதிரி இருந்தார். நகக்கண்கள்கூடச் சுத்தமாக இருந்தன.

டீச்சர் உட்காரக்கூட இல்லை. "வீரமுத்து, நான்தான் எண்ணெ ஊத்துற எடத்துல கோயில் தண்ணிய ஊத்திட்டேன். தெரியாம செஞ்சிட்டேன். உங்களப் போயி தப்பு சொல்லிட்டாங்க. என்னைய மன்னிச்சிருங்க," என்றார். ஒரே மூச்சில், ஓர் இடத்திலும் தட்டாமல் சொல்லி முடித்தார். இவ்வளவு சுலபமா இது?

வீரமுத்து அண்ணன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். "உள்ளயே ஊத்திட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். நன்றாக வாய்விட்டுச் சிரித்தார். "பரவால்ல டீச்சர். தெரியாம செஞ்சது. அன்னம்மாளே ஒன்னும் சொல்ல மாட்டாங்க, நான் என்னா சொல்லப் போறேன்?" அண்ணி சமையலறை வாசலில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இப்போது என் முறை. வழி நெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் வந்தேன். வாயைத் திறந்ததும் வந்தது வேறு.

"அண்ணே, நாளைக்கு எட்டு மணிக்கெல்லாம் வந்துருங்க. மூணு இன்ஜின் காத்துக் கெடக்கு."

அவர் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினார். "போல்ட்டெல்லாம் பாத்தீங்களா?"

"பாத்தேன்ணே. பத்தும் கரெக்ட்டா இருந்துச்சு. பத்துலயும் புள்ளி இருந்துச்சு. உங்க வேலையில ஒரு கொறையும் இல்ல."

"எப்ப பாத்தீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. "போன திங்கக்கெழம," என்றேன்.

"இன்னிக்கும் திங்கக்கெழமதான்."

அண்ணி துடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். வியாழக்கிழமை நான் சொன்ன பதில் அவருக்கு ஞாபகம் வந்திருக்கும். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

வீரமுத்து அண்ணன் எழுந்து ஹெல்மெட்டை எடுத்தார். "டீச்சர் இன்ஜினத்தான் கெடுத்தாங்க, தவுக்கே," என்றார்.

தவுக்கே. முதலாளி. பத்தொன்பது வருடம் தம்பி என்று கூப்பிட்ட வாய். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னார்.

அவர் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாசலைத் தாண்டும்போதுதான் எனக்குக் குரல் வந்தது. "அண்ணே! தப்பு என்னோடது! பாக்காம திட்டுனேன். பாத்த பெறகும் வாயத் தெறக்கல. என்னைய மன்னிச்சிருங்கண்ணே!" என் குரல் தெரியும்தானே. அந்த லோரோங் சந்தில் நான்கு வீடு தள்ளித் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மலாய்க்கார அம்மாகூடத் திரும்பிப் பார்த்தார்.

அவர் எஞ்சினை உதைத்துவிட்டு ஒரு காலை ஊன்றி நின்றார்.

"இந்த லோரோங்குல என்னைய யாரும் திட்டலயே," என்றார். மணியைப் பார்த்தார். ஷிப்டுக்கு நேரமாகியிருக்க வேண்டும். போய்விட்டார்.

டீச்சர் என் பக்கத்தில் வந்து நின்றார். "அன்னிக்குப் பட்டறையில யாரு யாரு இருந்தாங்க?"

"ஆறு பேரு. லோரிக்காரரு, ரஷீத், கருப்பாயி அக்கா, மோட்டார் சைக்கிள்காரங்க ரெண்டு பேரு. அவங்க நம்பர தேடணும். அப்புறம் உங்க வீட்டுக்காரரு."

"மொதல்ல அவருக்குப் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. என்னையும் சொல்லுங்க, நான் பக்கத்துலதான் இருக்கேன்."

போட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"என்னா சுகுமாறன், ஒரு வழியா காரணம் தெரிஞ்சிச்சா?"

டீச்சர் வாயைத் திறந்தார். கையைக் காட்டி அவரை நிறுத்தினேன்.

"ரெண்டு காரணம் சார்," என்றேன். "மொதல்ல என்னோடத சொல்லிர்றேன்."